லை, லே: கிடப்பதும் கிடத்துவதும்

மழைக்காலத்தில் குன்னூர் மலைப்பாதையில் மரம் விழுவது புதிதல்ல. பர்லியார் பக்கம் ஒரு மரம் சாய்ந்து வண்டிகள் வரிசையாக நின்றபோது, வேன் ஓட்டும் தம்பி ஒருவர் தன் பயணிகளிடம் 'எ ட்ரீ இஸ் லேயிங் அக்ராஸ் த ரோடு' என்றார். அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அங்கே வர வேண்டியது 'லையிங்'. லை, லே என்ற இரண்டு ஆங்கில வினைச்சொற்களில் வரும் இந்தக் குழப்பத்தை நம் தமிழை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். மரம் கிடக்கிறது, நாய் படுத்திருக்கிறது: இதெல்லாம் லை. எழுத்து எல், ஐ, ஈ. தேயிலை பறிக்கும் அக்கா கூடையை இறக்கி வைக்கிறார்: இது லே. எழுத்து எல், ஏ, ஒய்.

அப்புறம் 'எதை?' என்று கேளுங்கள். எதை வைக்கிறார்? கூடையை. பதில் வந்தால் லே. கோழி எதை இடுகிறது? முட்டையை. அதுவும் லே. 'மரம் எதைக் கிடக்கிறது?' என்று கேட்கவே முடியாது, ஆகவே லை. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான்.

இனிமேல்தான் நிதானம் வேண்டும். லை என்பதன் இறந்தகாலமும் 'லே'தான்! எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். லே என்பதற்கு இறந்தகாலம் 'லெய்ட்'.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ரயில் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். தண்டவாளத்தைப் போட்டார்கள்: 'தே லெய்ட் த ட்ராக்'. கல்லாறு தாண்டி ஏற்றத்தில், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அங்கே கிடக்கிறது: 'லைஸ்'.

மூன்றாவது வடிவம், லை என்பதற்கு 'லெய்ன்', லே என்பதற்கு மறுபடியும் 'லெய்ட்'. காலையிலிருந்து பள்ளத்தாக்கில் மூடுபனி கிடக்கிறது என்றால் 'த மிஸ்ட் ஹேஸ் லெய்ன் இன் த வேலி சின்ஸ் மார்னிங்'. பேச்சில் இது அதிகம் வராது. 'ஹேஸ் பீன் லையிங்' என்றே பழகுங்கள், போதும்.

பொய் சொல்வதும் லைதான், ஆனால் அதன் இறந்தகாலம் 'லைடு'.

சரி, பர்லியாருக்கே திரும்புவோம். கிளைகளை வெட்டி ஓரமாகப் போட்டார்கள்: 'தே லெய்ட் த பிராஞ்சஸ் பை த ரோடு'. அடிமரம் மட்டும் சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தது: 'த ட்ரங்க் லே தேர் டில் ஈவினிங்'.