சின்ன வெங்காயம் போடறதுக்கு முன்னாடி கணக்கு போடுங்க

பெரம்பலூர் பக்கம் ஒரு ஏக்கர் வச்சிருக்கவங்க, நடவுக்கு முன்னாடியே கிலோ என்ன விலைக்கு போனா கையை கடிக்காதுன்னு பாத்துக்கோங்க. முதல்ல விதைக்காய், ஏக்கருக்கு சுமார் 600 கிலோ, கிலோ 50 ரூவான்னு வச்சா அதுவே 30,000. உழவு, உரம், மருந்து, களை, அறுவடை கூலி எல்லாம் 60,000ன்னு வைங்க, நம்ம வீட்டு ஆளுங்க கூலியையும் சேர்த்துதான் (இத யாருமே எழுத மாட்டாங்க, அப்புறம் லாபம்னு சொல்லுவாங்க). ஆக 90,000. 5 டன் வந்தா கிலோவுக்கு 18 ரூவா அடக்கம், ஆனா மண்டில விக்கிற விலைல 10% கமிஷன், அதுபோக சாக்கு, வண்டி வாடகை, ஏத்துகூலின்னு கிலோவுக்கு 3 ரூவா, அப்போ 24 ரூவாயாச்சும் கிடைக்கணும். இதே திருகல் நோய் (இலை முறுக்கிக்கிற நோய்) வந்து 3 டன்னா போச்சுன்னா 37 ரூவா வேணும்!

கணக்க எப்பவும் 3 டன்னுக்கே போடுங்க. உழவர் சந்தைல கமிஷன் கிடையாது, ஆனா அங்க மொத்தமா தள்ள முடியாது. பட்டறை போட்டு (காத்தோட்டமா குவிச்சு) வெங்காயத்த இருப்பு வச்சா விலை ஏறலாம், எடையும் குறையும், அதையும் கழிச்சு பாருங்க. கடன் வேணும்னா கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்குங்க, தவணைக்குள்ள கட்டிட்டா வட்டி இல்ல. மண்டிக்காரர்கிட்ட முன்பணம் மட்டும் வேணாங்க, வெங்காயத்த அவர் சொல்ற விலைக்குத்தான் குடுக்கணும்.