அமெரிக்க பார்களில் பில்லும் டிப்ஸும்: புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்கா வந்த முதல் சில மாதங்களுக்குள் யாராவது உங்களை பாருக்குக் கூப்பிடுவார்கள். டீமில் புதிதாகச் சேர்ந்ததற்கு ஹேப்பி அவர் (மாலையில் டிரிங்க் விலையைக் குறைத்துத் தரும் நேரம்), செமஸ்டர் முடிந்ததற்கு ஒரு பீர், வேலை மாறிப் போகிறவருக்கு வழியனுப்பு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். குடிக்கிற பழக்கம் இல்லாதவர்களும் போய்த்தான் ஆகவேண்டும், அங்கேதான் மற்றவர்களோடு நெருக்கம் வளர்கிறது. போன இடத்தில் இரண்டு விஷயங்கள் குழப்பும். கேட்ட டிரிங்க்குக்கு என்ன விலை என்று பல நேரம் எங்கும் எழுதியிருக்காது. கடைசியில் வரும் ரசீதில் டிப்ஸ் என்று ஒரு காலி இடம் இருக்கும், அதில் என்ன எழுதுவது என்று தெரியாது.

முதலில் டிப்ஸ். நம் ஊரில் அது மிச்சச் சில்லறை. மனம் இருந்தால் வைப்போம், இல்லாவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இங்கே அது, டிரிங்க் ஊற்றிக் கொடுக்கும் பார்டெண்டரின் சம்பளத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல். மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2009க்குப் பிறகு அது ஏறவில்லை. டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியது அதைவிடக் குறைவு, 2.13 டாலர்தான். 1991லிருந்து அதே தொகை. டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் இன்னும் இந்தக் கணக்குதான். மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் அது ஒழுங்காக நடப்பதில்லை.

கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய 7 மாநிலங்களில் டிப்ஸ் வாங்குபவருக்கும் மாநிலத்தின் முழு குறைந்தபட்ச ஊதியம் உண்டு. அதனால் சியாட்டிலிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ டிப்ஸ் குறையுமா என்றால், இல்லை. பழக்கம் எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான், அங்கே வீட்டு வாடகையும் அதிகம்.

நீங்கள் வைக்கும் பணம் ஒருவர் பாக்கெட்டுக்கு மட்டும் போவதில்லை. பார்டெண்டர் தன் பங்கிலிருந்து கிளாஸ் கழுவி ஐஸ் நிரப்பும் உதவியாளருக்கும், சில இடங்களில் மேசை துடைப்பவருக்கும் பிரித்துக் கொடுப்பார். முதலாளியோ மேனேஜரோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018ல் மத்திய சட்டமே வந்துவிட்டது.

இந்த ஏற்பாடு நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். முதலாளி கொடுக்க வேண்டிய கூலியை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற வேலை இது. ஆனால் அந்தக் கோபத்தைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நமக்கு ஊற்றிக் கொடுப்பவர் மேல் காட்டக் கூடாது. கையில் காசு குறைவாக இருந்தால் ஒரு டிரிங்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், டிப்ஸைக் குறைக்க வேண்டாம்.

எவ்வளவு வைப்பது?

கவுண்டரில் நின்று ஒரு பீரோ ஒரு கிளாஸ் வைனோ வாங்கினால் 1 டாலர். கேன் பீரைத் திறந்து நீட்டினாலும் அதே 1 டாலர்தான். கலந்து, குலுக்கி, அலங்கரித்துக் கொடுக்கும் காக்டெயிலுக்கு 2 டாலர். பெரிய நகரங்களில் விலையுயர்ந்த இடமென்றால் சதவீதக் கணக்குக்குப் போய்விடுங்கள். கணக்கை மொத்தமாகக் கடைசியில் முடிக்கும்போது 18 முதல் 20 சதவீதம். வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும். டேப்லெட்டைத் திருப்பி உங்கள் பக்கம் நீட்டும்போது 18, 20, 25 என்று பொத்தான்கள் வரும். சில மெஷின்கள் வரியையும் சேர்த்த தொகையில்தான் சதவீதம் போடும். 25ஐப் பார்த்து மிரள வேண்டியதில்லை. 20 நல்ல டிப்ஸ், 18லும் குறை ஒன்றுமில்லை.

நியூயார்க் நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. அங்கே விற்பனை வரி 8.875 சதவீதம். ரசீதில் உள்ள வரியை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய 18 சதவீத டிப்ஸ் வந்துவிடும். வரி குறைவான ஊர்களில் இந்தக் கணக்கு உதவாது.

ஹேப்பி அவரில் பாதி விலைக்குக் கொடுத்தால், வழக்கமான முழு விலையை வைத்தே டிப்ஸ் போடுங்கள். பாதி விலை டிரிங்க்குக்கும் அவர் முழு வேலையைத்தான் செய்கிறார். பார்டெண்டர் பிரியப்பட்டு ஒரு ரவுண்டை இலவசமாகக் கொடுத்தாலும் அப்படியே. மாசசூசெட்ஸ் பக்கம் போனவர்கள் ஹேப்பி அவர் எங்கே என்று தேட வேண்டாம், 1984லிருந்து அங்கே மதுவுக்கு அது தடை.

குடிக்காதவர்கள் சோடா வாட்டரில் எலுமிச்சை பிழிந்து வாங்கிக்கொள்ளலாம், கோக் வாங்கலாம். எதுவாக இருந்தாலும் 1 டாலர் வையுங்கள். ஏன் குடிக்கவில்லை என்று இங்கே பெரும்பாலும் யாரும் துருவ மாட்டார்கள், அதனால் அதற்காகக் கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டாம்.

சேவை மோசமாக இருந்தால்? கூட்டத்தில் தாமதமானது மோசமான சேவை ஆகாது. உண்மையிலேயே மரியாதைக் குறைவாக நடந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், டிப்ஸை 10 சதவீதமாகக் குறையுங்கள். ஒன்றுமே வைக்காமல் எழுந்து வந்தால் நீங்கள் கோபத்தில் போனீர்கள் என்று அவருக்குப் புரியாது. இவருக்கு வழக்கம் தெரியவில்லை போல என்றுதான் நினைப்பார்.

எழுதாத விலை

பெரும்பாலான பார்களின் மெனுவில் அந்த இடத்துக்கே உரிய காக்டெயில்கள், சில பீர்கள், சில வைன்கள் மட்டும் விலையோடு இருக்கும். பின்னால் அலமாரியில் அடுக்கியிருக்கும் நூறு பாட்டில்களுக்கு விலை கிடையாது. அதற்குக் காரணம் ஏமாற்று எண்ணம் அல்ல. ஒரே டிரிங்க்கின் விலை, எந்த பாட்டிலிலிருந்து, எந்த அளவில் ஊற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

நீங்கள் பிராண்ட் எதுவும் சொல்லாமல் ரம் அண்ட் கோக் என்று கேட்டால், கவுண்டருக்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் மலிவான பாட்டிலிலிருந்து ஊற்றுவார்கள். அதை வெல் என்பார்கள், சில ஊர்களில் ரெயில். விலை குறைவு அதுதான். பகார்டி, ஜாக் டேனியல்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டால் அது "கால்" (call, பெயர் சொல்லிக் கேட்பது) டிரிங்க், சில டாலர்கள் கூடும். அதற்கும் மேலே, கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருப்பது டாப் ஷெல்ஃப். அங்கே ஒரே ஒரு ஊற்று 20 டாலராகவும் இருக்கலாம், அரிய பழைய விஸ்கியாக இருந்தால் 100 டாலரையும் தாண்டலாம். "எந்த விஸ்கியில் போடட்டும்?" என்று பார்டெண்டர் கேட்கும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏதோ தெரிந்த ஒரு பெரிய பெயரைச் சொல்லிவிடுவார்கள், பில் வரும்போது முகம் மாறும். "வெல் இஸ் ஃபைன்" என்று சொல்லிவிடுங்கள். அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை, அங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் அதைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அளவிலும் விலை ஒளிந்திருக்கிறது. இங்கே வழக்கமான ஒரு ஊற்று 1.5 அவுன்ஸ், அதாவது 44 மில்லி. ஐஸ் மட்டும் போட்டோ, எதுவும் கலக்காமலோ கேட்டால் பல பார்களில் 2 அவுன்ஸ் ஊற்றி, கூடுதல் விலையையும் போட்டுவிடுவார்கள். "டபுளாக்கிக் கொள்ளலாமா?" என்று பார்டெண்டர் கேட்டு நீங்கள் சரி என்றால், கிட்டத்தட்ட இன்னொரு டிரிங்க்கின் விலை கூடும். டானிக், கோக் பெரும்பாலும் விலைக்குள் அடக்கம். ரெட் புல் கலந்தால் தனிக் காசு. பீரில் பைன்ட் என்பது 16 அவுன்ஸ், 473 மில்லி. போதை அதிகமான பீரை அதே விலைக்குச் சின்ன கிளாஸில் தருவார்கள். கிளாஸ் சிறியதாக வந்ததென்று சண்டைக்குப் போக வேண்டாம்.

விலையைக் கேட்க நமக்கு ஒரு தயக்கம் உண்டு, பக்கத்தில் ஆபீஸ்காரர்கள் நின்றால் இன்னும் கூடும். கேட்டுப் பழகுங்கள். "ஹவ் மச் இஸ் தட் ஒன்?" என்று பாட்டிலைக் காட்டிக் கேட்பது இங்கே மிக இயல்பு. பார்டெண்டர் தினமும் பல முறை பதில் சொல்லும் கேள்வி அது. ஊற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஊற்றிய பிறகு விலையைப் பற்றிப் பேச இடமில்லை.

கட்டாயம் கேட்டே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. மயாமி பீச்சில் ஓஷன் டிரைவ் நடைபாதையில் மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூப்பிடுவார்கள். மீன்தொட்டி அளவு கிளாஸில் வரும் அந்தக் காக்டெயிலின் விலையைக் கேட்காமல் உட்காராதீர்கள். அந்தப் பகுதியில் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தாங்களே சேர்ப்பதும் சகஜம். அப்படிச் சேர்த்தால் மெனுவிலும் பில்லிலும் தெரிவிக்க வேண்டும் என்பது புளோரிடா மாநிலச் சட்டம். லாஸ் வேகஸ் கிளப்களில் மேசை போட்டு பாட்டில் வாங்கும் ஏற்பாட்டுக்கு யாராவது அழைத்தால், வரி, கட்டணம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள்.

மெனுவில் விலை இருந்தாலும் அது கடைசி விலை இல்லை. நியூயார்க்கில் 16 டாலர் காக்டெயில் என்றால் வரி 1.42, 20 சதவீத டிப்ஸ் 3.20, ஆக 20.62 டாலர். எழுதியிருக்கும் விலையோடு 30 சதவீதம் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்தால் பில்லைப் பார்த்து அதிர்ச்சி வராது. ஓரிகன் போன்ற சில மாநிலங்களில் மாநில விற்பனை வரியே இல்லை. சில பார்கள் வரியைச் சேர்த்தே முழு எண்ணாக விலை வைப்பதும் உண்டு.

கார்டும் ரசீதும்

முதல் டிரிங்க் வாங்கும்போது கார்டை வாங்கிக்கொண்டு "ஓப்பன் ஆர் க்ளோஸ்?" என்று கேட்பார்கள். ஓப்பன் என்றால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஒரே பில். க்ளோஸ் என்றால் அப்போதே முடிந்தது. புதிதாக வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் க்ளோஸ் சொல்வது நல்லது, எவ்வளவு செலவாகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஓப்பனாக விட்டு, முடிக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் பல பார்கள் தாங்களே 20 சதவீத டிப்ஸ் சேர்த்து மூடிவிடும். கூட்டமாகப் போகும்போது உங்கள் ஒருவர் பெயரில் கணக்கைத் திறக்க வேண்டாம். பத்துப் பேர் சொல்வதெல்லாம் உங்கள் கார்டில் ஏறும், அடுத்த நாள் ஒவ்வொருவரிடமும் ஜெல் (Zelle), வென்மோ போன்ற ஆப்களில் பணம் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பது சங்கடம். தனித்தனிக் கணக்கு வேண்டுமென்று ஆரம்பத்திலேயே சொன்னால் பார்டெண்டருக்கும் நிம்மதி. யாராவது ஒரு ரவுண்டு வாங்கிக் கொடுத்தால், அடுத்த ரவுண்டு உங்களுடையது என்று எதிர்பார்ப்பார்கள். அவ்வளவு நேரம் இருக்கப்போவதில்லை என்றால் முதல் ரவுண்டிலேயே நாசூக்காக மறுத்துவிடுங்கள்.

ரசீது இரண்டு பிரதி வரும். கடைக்கானதில் டிப்ஸ், மொத்தம் இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். டிப்ஸைப் பணமாக வைத்தால் அந்தக் கோட்டில் "கேஷ்" என்று எழுதிவிடுங்கள். உங்கள் பிரதியிலும் மொத்தத்தைக் குறித்துக்கொண்டு பையில் போடுங்கள். பேங்க் ஆப்பில் முதலில் டிப்ஸ் இல்லாத தொகை தெரியும், சில நாட்களில் அது மாறும். மாறிய தொகை நீங்கள் எழுதியதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் முதலில் பாருக்குப் போன் செய்யுங்கள், சரியாகவில்லை என்றால் கார்டு கம்பெனிக்கு.

கையெழுத்துக்கு முன் பில்லை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 6 பேருக்கு மேல் போனால் கிராஜுவிட்டி (இங்கே டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) என்று 18 அல்லது 20 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். அதற்குக் கீழே டிப்ஸ் கோடு காலியாக அப்படியே அச்சாகியிருக்கும். அதையும் நிரப்பினால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். சேவைக் கட்டணம் என்று போட்டிருந்தால் அது ஊழியருக்குப் போகிறதா என்று அவரிடமே கேளுங்கள். மத்திய சட்டப்படி அது முதலாளியின் பணம், முழுவதும் ஊழியர் கைக்குப் போகாமலும் இருக்கலாம்.

சில்லறை விஷயங்கள்: 1 டாலர் நோட்டுகள் கொஞ்சம் வைத்திருங்கள். நம் மேல்கோட்டை வாங்கி மாட்டி வைப்பவருக்கு 1 அல்லது 2 டாலர். பார்டெண்டரைக் கூப்பிட விரலைச் சொடுக்குவதும், பணத்தை ஆட்டுவதும் கூடாது. கண்ணைப் பார்த்தால் போதும், வருவார். வயது 21 ஆகாதவர்கள் எந்த மாநிலத்திலும் மது வாங்க முடியாது. முடி நரைத்தவரிடமும் அடையாள அட்டை கேட்பார்கள். மாநில ஓட்டுநர் உரிமம் கைக்கு வரும்வரை பாஸ்போர்ட்தான் நம்பகமானது, இந்திய உரிமத்தைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள்.

வீடு திரும்புவதற்கான ஊபர் காசையும் அன்றைய செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் இருந்தால் குற்றம், யூட்டாவில் 0.05. விசாவில் இருப்பவர்களுக்கு இது அபராதத்தோடு முடியாது. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, அமெரிக்கத் தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும், செய்தும் வருகிறார்கள். காரை அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் காலையில் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.