ஊட்டச்சத்து ஆய்வுக்கு நிதி கேட்கும்போது சறுக்கும் இடங்கள்

எழுத்துப்பிழை, பக்க வரம்பு, கடைசித் தேதி இதையெல்லாம் சொல்லித்தர ஆள் வேண்டாம். முதல் நிதி விண்ணப்பம் எழுதும் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் வழக்கமாக விழும் பள்ளங்கள் வேறு.

மாதிரி அளவு ஒரு பக்கம், வரவுசெலவு இன்னொரு பக்கம்

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. பள்ளிக் குழந்தைகளுக்கு இரும்புச்சத்து சேர்த்த உணவு கொடுத்து, ஹீமோகுளோபின் உயர்கிறதா என்று பார்க்கும் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் வித்தியாசம் டெசிலிட்டருக்கு 0.5 கிராம், திட்ட விலக்கம் (குழந்தைக்குக் குழந்தை மாறுபடும் அளவு) 1.2 கிராம். 5 சதவீதப் பிழை வரம்பு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்றால் குழுவுக்கு 91 பேர். பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த எண்ணோடு பேனாவை மூடிவிடுகின்றன.

ஒரே வகுப்பில் ஒரு குழந்தைக்கு ஒரு சாப்பாடு, பக்கத்துக் குழந்தைக்கு வேறு சாப்பாடு என்று போட முடியாது. பள்ளி பள்ளியாகத்தான் பிரிக்க வேண்டும். ஒரே சமையலைச் சாப்பிடும் குழந்தைகள் ஒருவரை ஒருவர் ஓரளவு ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமையைக் காட்டும் கெழு 0.05, பள்ளிக்கு 30 பேர் என்றால், 1 + (29 × 0.05) = 2.45. இதை 91ஆல் பெருக்கினால் 223. ஐந்தில் ஒருவர் நடுவில் விலகுவார் என்று கொண்டு 0.8ஆல் வகுத்தால் 279. வகுக்காமல் 20 சதவீதத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு: 268 வரும், விலகியவர்கள் போக மிஞ்சுவது 214தான்.

ஆக, குழுவுக்கு 10 பள்ளிகள், மொத்தம் 600 குழந்தைகள். தொடக்கத்திலும் முடிவிலும் ரத்தம் எடுத்தால் 1,200 பரிசோதனை வரை போகும். வரவுசெலவுப் பட்டியலிலோ குழுவுக்கு 91 வீதம் 182 பரிசோதனைக்கான காசு மட்டும் இருக்கும்! மதிப்பீட்டாளர் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்தால் போதும், மற்றதை அவர் படிக்க வேண்டியதே இல்லை.

பணம் போதாவிட்டால் எதிர்பார்க்கும் வித்தியாசத்தை 0.8 என்று ஊதிப் பெருக்காதீர்கள். பள்ளிக்கு 15 பேர் என்று குறையுங்கள். பெருக்கும் எண் 1.7 ஆகும், குழுவுக்கு 194 பேர் போதும், 13 பள்ளிகள் வேண்டும். பரிசோதனைச் செலவு இறங்கும், பயணச் செலவு ஏறும். எது மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அதையே விண்ணப்பத்திலும் எழுதுங்கள்.

ஃபெரிட்டினை மட்டும் அளப்பது

ஃபெரிட்டின், உடலில் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம். உடலில் அழற்சி இருந்தால் அது தானே ஏறிவிடும். இரும்புக் குறைபாடு மறைந்துபோகும். அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் சேர்த்து அளக்காத விண்ணப்பத்தைத் துறை தெரிந்தவர் முதல் வாசிப்பிலேயே கண்டுபிடிப்பார்.

ஒரு நாள் சாப்பாட்டைக் கேட்டுவிட்டு 'வழக்கமான உணவு' என்பது

24 மணி நேர உணவு நினைவுகூரல் ஒரு முறை எடுத்தால் குழுவின் சராசரி கிடைக்கும், தனியொருவரின் வழக்கம் கிடைக்காது. ஒரு பகுதியினரிடமாவது அடுத்தடுத்து வராத இரண்டாவது நாளையும் எடுக்க வேண்டும். அதற்கான களப்பணியாளர் சம்பளமும் பட்டியலில் ஏற வேண்டும்.

ஆறு வாரம் உணவூட்டி எச்பிஏ1சி பார்ப்பது

எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை சொல்வது முந்தைய இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் கதை. ஆறு வாரத்தில் முழுதாக மாறாது.

'விழிப்புணர்வு ஏற்படும்'

ஆய்வின் பலன் என்று இதை எழுதினால் அளக்க முடியாது. வெட்டுங்கள்.

பதிவைத் தள்ளிப்போடுவது

மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்த பிறகே முதல் பங்கேற்பாளரைச் சேர்க்க வேண்டும். பிந்திப் பதிந்தால் பல ஆய்விதழ்கள் கட்டுரையை வாங்காது. கால அட்டவணையில் நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கும் பதிவுக்கும் தனித்தனி வரி ஒதுக்குங்கள். இரண்டும் முடிந்த பிறகே ஆள் சேர்க்கும் மாதம் தொடங்கட்டும்.