ஆமெஸ் கணக்கை ஆமெஸ் போட்டபடியே போட்டுப் பார்ப்போம்

பழைய எகிப்தியக் கணிதம் பற்றித் தேடினால், "அல்ஜீப்ரா தெரியாது, தசமம் தெரியாது" என்று அவர்களிடம் இல்லாதவற்றைத்தான் அதிகம் அடுக்கியிருப்பார்கள். இருந்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பதைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் அதன் சாமர்த்தியம் புரியும். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், எக்ஸ் வேண்டவே வேண்டாம்.

நமக்கு ஆதாரம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ரைண்ட் பாப்பிரஸ் என்ற எகிப்தியக் கணக்குச் சுவடி. கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர், இன்னும் பழைய சுவடி ஒன்றைப் பார்த்துப் படியெடுத்தது.

படி 1: பெருக்கல்

இரட்டிக்கத் தெரிந்தால் போதும். 13 × 12:

1 – 12 ✓
2 – 24
4 – 48 ✓
8 – 96 ✓

இடப்பக்கம் கூட்டினால் 13 வரும் வரிகளுக்கு டிக் போட்டு, வலப்பக்கத்தைக் கூட்டுங்கள்: 156. அவ்வளவுதான்.

படி 2: வகுத்தல்

19-ஐ 8-ஆல் வகுக்க வேண்டுமா? 8-லிருந்து கிளம்பி 19-ஐ எட்டுங்கள். இரட்டித்துத் தாண்டிவிட்டால் பாதியாக்கிக்கொண்டே போகலாம்.

1 – 8
2 – 16 ✓
1/2 – 4
1/4 – 2 ✓
1/8 – 1 ✓

இப்போது வலப்பக்கத்தில் 19 சேர வேண்டும். விடை இரண்டு, கால், அரைக்கால். உடனே 2.375 என்று மாற்றக் கை துறுதுறுக்கும், மாற்றாதீர்கள். 2/3 போன்ற ஓரிரண்டைத் தவிர, அவர்கள் பின்னங்களை மேலே 1 உள்ளவையாகவே எழுதினார்கள், அதுவும் ஒரே பின்னம் இரண்டு முறை வராமல். 2/5 வந்தால் 1/3, 1/15 என்று பிரிப்பார்கள். இதற்கென்றே 2-ஐ 101 வரையான ஒற்றைப்படை எண்களால் வகுத்த பட்டியல் ஒன்று சுவடியில் இருக்கிறது.

சுற்றி வளைப்பதாகத் தோன்றுகிறதா? 6 ரொட்டியை 10 பேருக்குப் பிரிக்கும் கணக்கைப் பாருங்கள். ஆமெஸின் விடை 1/2, 1/10. ஆளுக்குப் பாதி, மிஞ்சிய ஒரு ரொட்டியில் பத்தில் ஒரு துண்டு. 0.6 என்று சொன்னால் கத்தியை எங்கே வைப்பது?

படி 3: தெரியாத அளவு

24-வது கணக்கு: ஓர் அளவும் அதன் 1/7-ம் சேர்ந்தால் 19. அந்த அளவு என்ன?

ஆமெஸ் சும்மா 7 என்று வைத்துக்கொள்கிறார், அதில் 1/7 எடுப்பது சுலபம் என்பதால். 7-ம் 1-ம் சேர்ந்தால் 8. வர வேண்டியதோ 19. 8-லிருந்து 19-ஐ எட்டும் வேலையைத்தான் மேலே முடித்துவிட்டோமே! அந்த விடையை 7 மடங்காக்குங்கள்:

1 – 2, 1/4, 1/8
2 – 4, 1/2, 1/4
4 – 9, 1/2

மூன்றையும் கூட்டினால் 16, 1/2, 1/8.

படி 4: பிரமிடின் சாய்வு

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கோணம் என்ற பேச்சே கிடையாது. ஒரு முழம் மேலே ஏறினால் எவ்வளவு உள்ளே தள்ள வேண்டும் என்பதே கேள்வி. அதற்குப் பெயர் செக்கெட். எகிப்திய அரச முழம் ஏறத்தாழ 52 செ.மீ.; 7 உள்ளங்கை அகலம், ஒவ்வொன்றும் 4 விரல், ஆக 28 விரல்.

கீசாவின் பெரிய பிரமிடுக்கு அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம் என்று கொள்வது வழக்கம். பாதி அடிப்பக்கம் 220. 280-லிருந்து 220-க்குப் போவோம்:

1/2 – 140 ✓
1/4 – 70 ✓
1/28 – 10 ✓

மூன்றும் நேராக முழக்கோலில் இருக்கின்றன: அரை முழம் 14 விரல், கால் முழம் 7 விரல், 1/28 முழம் ஒரே ஒரு விரல். மொத்தம் 22 விரல், அதாவது ஐந்தரை உள்ளங்கை. கல் தச்சருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீங்களே போட ஒன்று: சுவடியின் 56-வது கணக்கில் அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம். இங்கே வெறும் பாதியாக்கல் போதாது, 1/5-ம் 1/50-ம் தேவைப்படும். கடைசியில் 5, 1/25 உள்ளங்கை வர வேண்டும்.