ஹாக்கி டீம் செட் பண்றப்போ பண்ணவே கூடாத தப்புங்க: ஏலத்துல இருந்து நம்ம வேலூர் கிரவுண்ட் வரைக்கும்

ஹாக்கி இந்தியா லீக் 2017க்கு அப்புறம் நின்னு போயி திரும்ப 2024 டிசம்பர் கடைசில ஆரம்பிச்சாங்க இல்ல, அதுல இருந்து எங்க காட்பாடி செட்ல ஒரே கேள்விதான் ஓடிக்கினு இருக்குது, இவ்ளோ துட்டு குடுத்து இவ்ளோ பெரிய பிளேயருங்கள எடுத்துட்டு எப்படி தோக்குறாங்கன்னு. அதுக்கு பதில் மேட்ச்ல பாதி கூட இல்ல, ஏல டேபிள்லயே இருக்குது. அங்க பண்ற தப்பு எல்லாத்தையும் இங்க ராணிப்பேட்டை, அரக்கோணம், குடியாத்தம் பக்கம் சண்டே டோர்னமென்டுக்கு டீம் சேக்குறவங்களும் அப்படியே பண்றோம், அதனால ரெண்டையும் சேத்தே எழுதறேன்.

மொதல்ல கணக்கு தெரிஞ்சிக்கோங்க. 2024 அக்டோபர் ஏலத்துல ஆம்பளைங்க டீம் ஒவ்வொண்ணுக்கும் 4 கோடி ரூபா, எடுக்க வேண்டியது 24 பேரு, அதுல 8 பேரு வெளிநாட்டுக்காரங்க, மிச்சம் 16 பேரு நம்மாளுங்க, அந்த 16லயும் கொறஞ்சது 4 பேரு ஜூனியர் பசங்களா இருக்கணும். சராசரி போட்டா ஒரு ஆளுக்கு 16 லட்சத்து சொச்சம் வருது. ஆனா ஹர்மன்ப்ரீத் சிங்க சூர்மா டீம் 78 லட்சத்துக்கு எடுத்தாங்க, அபிஷேக்க பெங்கால் டைகர்ஸ் 72 லட்சம், ஹார்திக் சிங்க யூபி ருத்ராஸ் 70 லட்சம். இப்போ ஒரு டீம் ஆசப்பட்டு 70 லட்ச ரூபா ஆளு மூணு பேர எடுத்துட்டாங்கன்னு வைங்க, 2 கோடியே 10 லட்சம் போயிடும், மிச்சம் இருக்கிற 1 கோடியே 90 லட்சத்துல 21 பேர எடுக்கணும், தலைக்கு 9 லட்சம்தான். அந்த 9 லட்சத்துலதான் கோலி (கோல் கீப்பர்), பின்னாடி தடுக்குற ஃபுல் பேக், நடுவுல ஆடற ஹாஃப் எல்லாம் வரணும். பெரிய துட்டு போடறதே தப்புன்னு நான் சொல்லல, ஹர்மன்ப்ரீத் அந்த துட்டுக்கு தகுதியான ஆளுதான். ஆனா மொதல்ல பேர எடுத்துட்டு அப்புறமா வேலைய யோசிக்கிறது இருக்குது பாருங்க, அதான் எல்லா தப்புக்கும் அம்மா. ஹாக்கில பதினோரு பொசிஷன் மட்டும் கெடயாது, அதுக்குள்ள இன்னொரு பத்து பதினஞ்சு வேலை ஒளிஞ்சிருக்குது, ஒவ்வொரு வேலைக்கும் ஆளு யாரு, அவன் பெஞ்ச்ல இருந்தா அடுத்த ஆளு யாருன்னு எழுதி வெச்சிட்டுதான் பேருக்கு போகணும்.

இதுல ரொம்ப பேரு அடி வாங்கறது பெனால்ட்டி கார்னர்லதான் (சுருக்கமா பிசி), அதனால இத கொஞ்சம் நிதானமா பாப்போம். பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல இந்தியா மொத்தம் 15 கோல் போட்டுது, அதுல 10 ஹர்மன்ப்ரீத் ஒருத்தர் போட்டது, பெரும்பாலும் பிசில வந்ததுதான். இத பாத்துட்டு எல்லாரும் என்னா நெனைக்கிறாங்கன்னா ஒரு நல்ல டிராக் ஃபிளிக்கர புடிச்சிட்டா வேலை முடிஞ்சிதுன்னு. பிசி எப்படி நடக்குதுன்னு கிட்ட போயி பாத்தீங்கன்னா தெரியும். பேக் லைன்ல இருந்து ஒருத்தன் பால தள்ளி விடறான், அது ஒரே வேகத்துல, குதிக்காம, நேரா போகணும். டிக்கு, அதான் கோலுக்கு முன்னாடி இருக்கற அரை வட்டத்துக்கு, வெளிய ஒருத்தன் ஸ்டிக்க படுக்க போட்டு அத செத்துப்போற மாதிரி நிறுத்தறான், நாலு விரல் தள்ளி நின்னாலும் ஃபிளிக்கரோட அடி எடுப்பு மாறிப்போயிடும். அதுக்கப்புறம்தான் ஃபிளிக்கர் வந்து பால ஸ்டிக்ல வாரி இழுத்து வீசறான். அதுக்குள்ள கோல் லைன்ல இருந்து எதிர் டீம்காரன் முகத்துக்கு மாஸ்க் மாட்டிக்கினு நேரா ஓடி வந்துடறான். இது எல்லாம் நீங்க ஒரு மூச்சு விடறதுக்குள்ள முடிஞ்சிடும். இதுல தள்ளி விடறவன் சரியில்லன்னா எழுபது லட்சத்து ஃபிளிக்கர் என்னா பண்ணுவான்? ஆம்பூர்ல இருந்து பிரியாணி மாஸ்டர கூட்டினு வந்துட்டு அடுப்பு பத்த வெக்க ஆளே வெக்காத கதைதான்.

இன்னொரு ரூல் இருக்குது, இது நெறைய பேருக்கு தெரியல. ஹாக்கில ஆள எத்தன தபா வேணா மாத்திக்கலாம், மேட்ச நிறுத்தவே வேணாம், ஆனா பிசி குடுத்துட்டாங்கன்னா அது முடியற வரைக்கும் ஆள மாத்த முடியாது, தடுக்குற டீமோட கோலிக்கு அடி பட்டாலோ அவருக்கு கார்டு குடுத்து வெளிய அனுப்பினாலோ மட்டும்தான் மாத்தலாம். அப்போ நம்ம ஃபிளிக்கர் மூச்சு வாங்க பெஞ்ச்ல உக்காந்த அந்த மூணு நிமிஷத்துல பிசி கெடச்சிதுன்னா அவரு அங்கயே உக்காந்து வேடிக்கை பாக்க வேண்டியதுதான். அதனாலதான் நல்லா யோசிக்கிற டீமு எப்பவும் ரெண்டு ஃபிளிக்கர், ரெண்டு தள்ளி விடறவன், ரெண்டு ஸ்டாப்பர்னு எடுத்து, கிரவுண்ட்ல எப்பவும் ஒரு செட் இருக்கிற மாதிரி பாத்துக்கும். நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் இத சரியா பண்ணாங்கன்னு நான் சொல்வேன், நெதர்லாந்து ஜிப் யான்சென 54 லட்சத்துக்கு எடுத்தாங்க, கூடவே அமித் ரோஹிதாஸ 48 லட்சத்துக்கு எடுத்தாங்க. ரோஹிதாஸ் ஃபிளிக்கும் போடுவாரு, அத விட முக்கியமா எதிர் டீம் பிசி எடுக்கறப்போ மொதல்ல ஓடற ஆளும் அவருதான்.

மொதல்ல ஓடறவனோட மதிப்பு என்னான்னு பாரிஸ்ல நமக்கு வலிக்க வலிக்க தெரிஞ்சிது. காலிறுதில பிரிட்டன் கூட ஆடறப்போ 17வது நிமிஷம் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. மிச்ச மேட்ச் முழுக்க பத்து பேர வெச்சே ஆடி 1-1ல முடிச்சி, ஷூட் அவுட்ல நம்ம கோலி ஸ்ரீஜேஷ் புண்ணியத்துல 4-2னு ஜெயிச்சிட்டோம். ஆனா அடுத்த மேட்ச்ல ஜெர்மனி கூட செமி ஃபைனலுக்கு அவரு இல்ல, தடை. ஜெர்மனி அணில கொன்சாலோ பெய்லட் இருந்தாரு, உலகத்துலயே பயப்பட வேண்டிய ஃபிளிக்கருங்கள்ல ஒருத்தர், 18வது நிமிஷம் பிசில கோல் போட்டாரு. 3-2னு தோத்தோம். ரோஹிதாஸ் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்னு நான் சொல்ல வரல, அது யாருக்கும் தெரியாது. ஆனா கோல் போடறவன் பேரு ஸ்கோர் போர்டுல வருது, ஓடி வந்து கால்லயும் மார்லயும் பால வாங்கறவன் பேரு எங்கயும் வராது, அதனால அவன ஏலத்துல கடைசில யோசிக்கிறாங்க. அந்த பெய்லட்டதான் ஹைதராபாத் தூஃபான்ஸ் 68 லட்சத்துக்கு எடுத்து லீக் ஃபைனல் வரைக்கும் போனாங்க. ஃபைனல்ல பெங்கால் 4-3னு ஜெயிச்சிது, அதுல மூணு கோல் ஜுக்ராஜ் சிங், அவரும் ஃபிளிக்கர்தான், 48 லட்சத்துக்கு எடுத்த ஆளு.

அடுத்து கோலி. இங்க துட்டு மிச்சம் புடிக்கிறவங்கள பாத்தா எனக்கு நெஜமாவே கோவம் வரும். நம்ம ஊர்ல இன்னும் மோசம், எவன் மெதுவா ஓடறானோ அவன கூப்ட்டு "நைனா, நீ கோல்ல நில்லு"ன்னு சொல்லி பேடு மாட்டி விட்ருவாங்க. அந்த பேடும் கிளப்ல ஒரே ஒரு செட்டுதான் இருக்கும், நாலு கை மாறி உள்ள ஸ்பாஞ்சே நசுங்கி இருக்கும், வேகமா வர்ற பால அதுல வாங்கினா பையனுக்கு கால் வீங்கிடும், அடுத்த வாரத்துல இருந்து அவன் பால பாத்து ஒதுங்க ஆரம்பிப்பான். கோலிக்கு தைரியம் இல்லன்னு திட்டறதுக்கு முன்னாடி பேட பாருங்க. துட்டு சேத்தா மொதல்ல அதுக்கு செலவு பண்ணுங்க, புது ஜெர்சி அப்புறம் பாத்துக்கலாம்.

பெரிய டீமுங்கள்ல நடக்கற தப்பு வேற மாதிரி, ஒரு பெரிய கோலிய எடுத்துட்டு ரெண்டாவது கோலிக்கு கணக்குக்கு ஒருத்தர எடுத்துடறாங்க. 2023 உலகக் கோப்பைய ஜெர்மனி எப்படி ஜெயிச்சிதுன்னு பாருங்க. புவனேஸ்வர்ல ஃபைனல், பெல்ஜியம் கூட 3-3, ஷூட் அவுட். மேட்ச் ஆடின கோலிய வெளிய எடுத்துட்டு ஷூட் அவுட்டுக்குன்னே டானெபெர்க்க உள்ள அனுப்பினாங்க, இங்கிலாந்து கூட காலிறுதிலயும் அதேதான் பண்ணாங்க, ரெண்டும் ஜெயிச்சாங்க. ஷூட் அவுட்ல எட்டு செகண்ட்ல ஒருத்தன் பாலோட ஓடி வரான், அவன படுக்காம, அவசரப்படாம, கூடவே நகர்ந்து ஓரமா தள்ளறது தனி வித்தை, பிசி தடுக்கறதுல கில்லாடியா இருக்கறவருக்கு அது வந்தே ஆகணும்னு இல்ல. நம்ம டிராகன்ஸ் அயர்லாந்து டேவிட் ஹார்ட்ட 32 லட்சத்துக்கு எடுத்திருந்தாங்க, ரொம்ப நல்ல கோலி, ஆனா லீக் திரும்ப ஆரம்பிச்ச மொத சீசன் செமி ஃபைனல்ல பெங்கால் கிட்ட ஷூட் அவுட்லதான் தோத்தாங்க. அவ்ளோ கிட்ட போற எடத்துல ஷூட் அவுட்டுக்கு அஞ்சு பேரு யாரு, ஆறாவது யாருன்னு டீம் எடுக்கறப்பவே யோசிச்சிருக்கணும், அன்னிக்கி ராத்திரி யோசிச்சா ஆவாது.

ஃபார்வர்ட் மோகம் ஒண்ணு இருக்குது. எந்த பையன கேட்டாலும் "அண்ணா, நான் சென்டர் ஃபார்வர்ட்ணா"ம்பான். லெஃப்ட் பேக் ஆடறியாடான்னா மூஞ்சி தொங்கிடும். ஆனா லெஃப்ட் பேக்தான் கெடைக்கவே கெடைக்காத ஆளு. ஹாக்கி ஸ்டிக்ல எடக்கைக்காரனுக்குன்னு தனி ஸ்டிக் கெடயாது, எல்லாருக்கும் ஒரே பக்கம்தான் தட்டை. அதனால எதிர் டீம் ரைட் விங்கர் லைன் ஓரமா ஓடி வந்தா அவனுக்கு அது வசதியான பக்கம், நம்ம லெஃப்ட் பேக்குக்கு ரிவர்ஸ் பக்கம், வீக்கான பக்கம். அங்க கால நகத்தி முன்னாடியே எடத்த புடிக்கிற அறிவும் ரிவர்ஸ்ல டேக்கிள் போடற தைரியமும் வேணும். இதுக்குன்னு ஒரு ஆள ஏலத்துல மலிவா எடுத்துட்டாங்கன்னா அந்த டேபிள்ல உக்காந்திருக்கறவங்களுக்கு ஹாக்கி தெரியுதுன்னு அர்த்தம்.

ஜூனியர் பசங்க நாலு பேர ரூலுக்காக எடுத்து மூலையில உக்கார வெக்கறது அடுத்த தப்பு. இவங்கதான் கம்மி துட்டுல கெடைக்கிற ஓட்டம். 2024 ஏலத்துல அடிப்படை விலையே 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம்னு மூணு படிதான். பசங்கள ஒழுங்கா தேடி எடுத்து, ஆட விட்டா அங்க மிச்சமாகிற துட்டுதான் உங்களுக்கு ரெண்டாவது ஃபிளிக்கர் வாங்கி தரும். அரியலூர் பையன் கார்த்தி செல்வம், கோவில்பட்டி பக்கம் பயிற்சி எடுத்துட்டு 2022 ஆசிய கோப்பைல மாரீஸ்வரன் சக்திவேல் கூட சேந்து இந்தியாவுக்கு ஆடினாரு, மொத மேட்ச்லயே பாகிஸ்தான் கூட கோல் போட்டாரு. அந்த மாதிரி பசங்கள யாராச்சும் மண் கிரவுண்ட்ல போயி உக்காந்து பாத்ததாலதான் வெளிய வந்தாங்க. மண்ல ஆடற பையனுக்கு பால் குதிக்கறத கணிக்கற கண்ணு இருக்கும், டர்ஃப்ல மொதல்ல தடுமாறுவான், கொஞ்ச நாள் குடுத்தா புடிச்சிப்பான், ஒரு நாள் டிரையல்ல பாத்துட்டு ஒதுக்கிடாதீங்க.

நம்ம பக்கம் நடக்கற ஒரு விஷயத்த சொல்லியே ஆகணும், கெஸ்ட் பிளேயர். வருஷம் பூரா சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெயில்ல வந்து பிராக்டிஸ் பண்றது நம்ம பசங்க, டோர்னமென்ட் வந்தா முந்தின நாள் ராத்திரி ட்ரெயின்ல சென்னைல இருந்து நாலு பேரு வருவாங்க, காலைல அவங்க மொத பதினொண்ணுல இருப்பாங்க. ஒண்ணோ ரெண்டோ வேணும்னா எடுங்க, அதுல தப்பு இல்ல, ஆனா எந்த வேலைக்கு ஆளு இல்லையோ அதுக்கு மட்டும் எடுங்க. ஏற்கனவே நாலு ஃபார்வர்ட் இருக்கறப்போ அஞ்சாவது ஃபார்வர்ட கூப்டறத நான் திரும்ப திரும்ப பாக்கறேன், அந்த பையனும் பாவம் யாரு பேரும் தெரியாம "தம்பி பாஸ், தம்பி பாஸ்"னு கத்திக்கினு இருப்பான். பெஞ்ச்ல உக்காந்த நம்ம பையன் அடுத்த மாசம் கிரிக்கெட்டுக்கு போயிடுவான்.

கார்டு வாங்கறவங்கள பத்தியும் சுருக்கமா. பச்சை கார்டுன்னா 2 நிமிஷம், மஞ்சள்னா கொறஞ்சது 5 நிமிஷம் டீம் ஒரு ஆள் கம்மியாதான் ஆடணும். ஒரு ஆள எடுக்கறதுக்கு முன்னாடி அவரு எத்தன கோல் போட்டாருன்னு பாக்கறவங்க, எத்தன கார்டு வாங்கினாருன்னு பாக்கறதே இல்ல. ஒருத்தர் வெளிய போனா அந்த எடத்துக்கு எறங்கி ஆடக்கூடிய ரெண்டு மூணு பொசிஷன் தெரிஞ்ச ஆளுங்க கட்டாயம் வேணும், பிரிட்டன் கூட பத்து பேரோட நம்ம தாக்கு புடிச்சது அப்படி எறங்கி ஆட தெரிஞ்சவங்க இருந்ததாலதான்.

வெளிநாட்டுக்காரங்க எட்டு பேர எடுக்கறப்போ காலண்டர கையில வெச்சிக்கினு எடுங்க. அவங்க நாட்டு டீமுக்கு புரோ லீக் எப்போ, கேம்ப் எப்போ, இவரு முழு சீசனும் இருப்பாரா பாதில கெளம்பிடுவாரான்னு பாக்கணும். எட்டு பேரும் ஒரே நாட்டுல இருந்து வந்தா ஒரே நாள்ல காலியாகிற ஆபத்து இருக்குது, எட்டு பேரும் எட்டு நாடுன்னா டிஃபன்ஸ்ல ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சிக்கவே பாதி லீக் ஓடிடும், ஏன்னா ஒண்ணா பிராக்டிஸ் பண்ண கெடைக்கறதே கொஞ்ச நாள்தான். கோலியும் நடு ஃபுல் பேக்கும் ஏற்கனவே ஒண்ணா ஆடி பழகின ஜோடியா கெடச்சா கொஞ்சம் கூட துட்டு போனாலும் எடுத்துடுங்க. பால் டிக்குள்ள வர்றப்போ கோலி பின்னாடி இருந்து கத்தறது அவருக்கு ஒரே வார்த்தைல புரியணும்.