பழைய ஸ்ட்ராட்டின் பிக்கப்பை ஏற்றும் முன்

பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் சுருளும் சேர்ந்த பாகத்தை, கம்பியோடு ஒட்டினாற்போல் ஏற்றி வைப்பது. சத்தம் கூடும், உண்மைதான். கூடவே ஒரு தொல்லையும் வரும். தடித்த ஈ (E) கம்பியை 12ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு) மேலே அழுத்தி மீட்டிப் பாருங்கள். ஒரே கம்பியில் இரண்டு சுரங்கள் சண்டை போடுவதுபோல் ஓர் அலைவு கேட்கும், ட்யூனர் முள் ஓரிடத்தில் நிற்காது. இதற்கு ‘ஸ்ட்ராடைட்டிஸ்’ என்று வியாதிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

1954இல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டில், மூன்று பிக்கப்புகள் ஒவ்வொன்றிலும் கம்பிக்கு ஒன்றாக ஆறு அல்நிக்கோ (ஓர் உலோகக் கலவை) காந்தத் தண்டுகள் உண்டு. அவற்றின் தலை நேராகக் கம்பியைப் பார்த்து நிற்கும். நெருங்கினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், அதிர்வு கோணலாகும், ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடும். கிப்ஸனின் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரில் காந்தம் சுருள்களுக்கு அடியில் படுத்திருப்பதால் இழுப்பு குறைவு. ஹம்பக்கர் உள்ள லெஸ் பால் கிட்டாரில் பழகிய கை, அதே இடைவெளியை ஸ்ட்ராட்டிலும் வைத்து மாட்டிக்கொள்ளும்.

பழி விழுவது என்னவோ கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல். இன்டொனேஷன் (ஃபிரெட்டுக்கு ஃபிரெட் சுரம் சரியாக நிற்பது) போய்விட்டது என்று, கம்பியின் நீளத்தை மாற்றும் சேடில் ஸ்குரூவை முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருப்போம். நானும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். கடைசியில் நெக் பிக்கப்பை (கழுத்துப் பக்கம் இருப்பதை) இரண்டு சுற்று இறக்கினேன், முள் நின்றது.

அளப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. கம்பியைச் சும்மா விட்டு அளந்தால் பயனில்லை. கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, கம்பியின் அடியிலிருந்து காந்தத்தின் தலை வரை அளக்க வேண்டும். பழைய பாணி பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு, தடித்த ஈ பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய ஈ பக்கம் 2 மி.மீ. நெக் வளைவு, ஆக்‌ஷன் (கம்பி உயரம்) இரண்டையும் முடித்த பிறகே இதில் கை வைக்கலாம். அப்புறம் காதுதான். பிரிட்ஜ் பிக்கப்பை முதலில் பிடித்த இடத்தில் நிறுத்தி, மற்ற இரண்டையும் அதன் சத்தத்துக்கு இறக்குவது என் வழக்கம். கம்பி அகலமாக அதிர்வது நெக் பக்கம்தான், அதற்கு நெருக்கம் தேவையே இல்லை.

பிக்கப்பின் உயிரையே வாங்கும் தவறு ஒன்று உண்டு. ஜி (G) கம்பி மட்டும் கத்துகிறதே என்று அதன் காந்தத்தை விரலால் கீழே அழுத்துவது. பழைய பிக்கப்பில் தனி பாபின் (இழை சுற்றும் கட்டை) கிடையாது. சுமார் 0.06 மி.மீ. செம்பு இழை அந்தத் தண்டுகளைச் சுற்றியே ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓடுகிறது. தண்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உள்சுற்று அறுந்துவிடலாம். மல்டிமீட்டரில் சுமார் 6 கிலோ ஓம் காட்டிய பிக்கப் அதன் பிறகு எதுவும் காட்டாது. ரீவைண்ட் செய்தால் (புது இழை சுற்றினால்) ஒலி திரும்பும், அந்தக் காலத்துச் சுருள் திரும்பாது. ஜி கத்துவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது: அன்று ஜி கம்பி சுற்றுக் கம்பி (மேலே இழை சுற்றியது), சத்தம் குறைவு, அதனால் தண்டை உயரமாக வைத்தார்கள். இன்று நாம் போடுவது வெறும் எஃகுக் கம்பி. பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், போதாவிட்டால் சுற்று ஜி போடுங்கள். அதுவும் பிடிக்கவில்லையா, சரி, கத்தட்டும்.

பிக்கப்பை ஏற்றி இறக்கும் ஸ்குரூ விஷயம் சின்னதுதான். வலப்பக்கம் திருப்பினால் பிக்கப் மேலே வரும், இடப்பக்கம் என்றால் இறங்கும். கீழே தள்ளுவது அடியில் இருக்கும் ரப்பர் குழாய். அறுபது வருட ரப்பர் இறுகிப் பொடிந்திருக்கும், ஸ்குரூவைத் தளர்த்தினாலும் பிக்கப் நகராது. உடனே கவரைக் கட்டைவிரலால் அழுத்தாதீர்கள், அந்த பிளாஸ்டிக் விரிசல் விடும். குழாயை மாற்றினால் போதும். தளர்த்துவதும் கால் கால் சுற்றாக இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் மீட்டிக் கேளுங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் பிக்கப் உள்ளே விழுந்துவிடும். அதை எடுக்க எல்லாக் கம்பிகளையும் கழற்றி பிக்கார்டையே (பிக்கப்புகள் பொருத்திய மேல்தட்டை) தூக்க வேண்டியிருக்கும்.