இந்த மலையைச் சுற்றியது போதும்: ஆவிக்குரிய தேக்கத்தில் நாம் செய்யும் தவறுகள்

என் பழைய வேதாகமத்துக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று இன்னும் கிடக்கிறது. ஒரே வருடத்தில் வேதத்தை வாசித்து முடிப்பதற்கான அட்டவணை. மொத்தம் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று அல்லது நான்கு. ஆதியாகமம், யாத்திராகமம் கட்டங்களில் எல்லாம் நீல மையில் டிக். லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில், அந்தக் குஷ்டரோகப் பகுதியில், மை நின்றுபோகிறது. கீழே பென்சிலில் "பாக்கி 74" என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு 110. அதையும் அடித்துவிட்டு 160. அதற்குப் பிறகு கணக்கும் இல்லை, வாசிப்பும் இல்லை.

ஆவிக்குரிய வாழ்க்கை தேங்கி நிற்கும்போது நாம் செய்யும் முதல் தவறு அந்தப் 'பாக்கி'யில்தான் இருக்கிறது. ஜெபம் வறண்டுபோனதும், ஆராதனையில் நின்றாலும் மனம் எங்கோ அலைவதைக் கண்டதும், ஆண்டவருக்குக் கடன்பட்டுவிட்டதாக நினைத்து வட்டியோடு கட்டப் பார்க்கிறோம். அரைமணி நேரத் தனி ஜெபத்தை ஒரு மணியாக்குகிறோம். அசையவில்லை என்றால் உபவாசம். பிறகு ஒரு பொருத்தனை, அதாவது ஆண்டவருக்கு ஒரு வாக்கு. கூட்டத்துக்குக் கூட்டம் முன்னால் போய் மறுபடியும் ஒப்புக்கொடுக்கிறோம். இரண்டு வாரம் ஓடும். மூன்றாவது வாரம் விழும்போது பழைய சோர்வோடு வாக்குத் தவறிய குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும்.

உபவாசத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைத் தவணைப் பணமாக்குவதுதான் சிக்கல். அப்போஸ்தலன் பவுல் கடிதம் எழுதிய கலாத்திய சபையார் விசுவாசத்தை விட்டு ஓடிப்போனவர்கள் அல்ல. கிறிஸ்துவோடு விருத்தசேதனத்தையும், நாள் மாதம் பார்ப்பதையும் கூட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்குத்தான் பவுல், "மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல்" நிலைகொண்டிருங்கள் என்று எழுதினார் (கலாத்தியர் 5:1). அந்த 'மறுபடியும்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். முன்பு அவர்கள் அடிமைப்பட்டிருந்தது தேவர்களல்லாதவர்களுக்கு. இப்போது பிடித்துக்கொண்டதோ நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின், சடங்குகள். பவுல் பார்வையில் இரண்டும் ஒரே நுகம். பக்தியின் உடையில் வந்தாலும் அடிமைத்தனம் அடிமைத்தனம்தான் என்று இவ்வளவு துணிச்சலாகச் சொன்ன இடம் வேதத்தில் அதிகம் இல்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசம், சிறைச்சாலைச் சந்திப்பு, நேரம் வைத்து ஜெபம். 1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்கே போனார். மனம் உடைந்து திரும்பி வந்தார். 1738 மே 24 அன்று மாலை, லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், விசுவாசத்தைப் பற்றிய வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் இருதயம் அனல்கொண்டது. அதற்கு முந்தைய தம் நிலையைப் பின்னாளில் அவர் வேலைக்காரனின் விசுவாசம் என்றார், பிள்ளையின் விசுவாசம் அல்ல என்றார். ரோமர் 8:15 சொல்வதும் அதே வித்தியாசத்தைத்தான். வேலைக்காரன் பாக்கியை எண்ணுவான். பிள்ளை "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வரும்.

அந்தப் பாக்கியை நான் கட்டவே இல்லை. ஒருநாள் மாற்கு முதலாம் அதிகாரத்தைத் திறந்து, டிக் போடாமல் வாசித்தேன். அவ்வளவுதான். அன்று விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுநாளும் திறக்க முடிந்தது.

அடுத்தது இதற்கு நேர் எதிர்த் தவறு. தண்ணீர் கலங்கட்டும் என்று காத்திருப்பது. பெதஸ்தா குளத்துத் தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குகிறவன் குணமாவான் என்று நம்பினார்கள். 38 வருடம் வியாதியாயிருந்து அந்தக் குளத்தருகே கிடந்த மனிதனிடம் இயேசு, "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?" என்று கேட்டார். அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்று விளக்கம் சொன்னான். நாமும் விளக்கம் வைத்திருப்போம்: அடுத்த கன்வென்ஷன் வரட்டும், அந்தப் போதகர் தலையில் கைவைத்து ஜெபிக்கட்டும், பழைய அபிஷேகம் திரும்பட்டும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேலர் காதேஸ்பர்னேயாவிலிருந்து சேரேத் ஆற்றைக் கடக்க எடுத்ததும் இதே 38 வருடம்தான் (உபாகமம் 2:14). ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு வரும் வழியோ வெறும் பதினொரு நாள் பிரயாணம். "இந்த மலைநாட்டைச் சுற்றித்திரிந்தது போதும், வடக்கே திரும்புங்கள்" என்று சொல்லப்பட்டபோது அவர்களுக்குப் புது உணர்ச்சி ஏதும் கொடுக்கப்படவில்லை. திசை மட்டும்தான் கொடுக்கப்பட்டது.

சபை மாறினால் சரியாகிவிடும் என்று நினைப்பது இன்னொன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, ஆவிக்குரிய சலிப்பைத் தத்ரூபமாகப் படம்பிடித்திருக்கிறார். சூரியன் நகராததுபோல் தோன்றும். ஐம்பது மணி நேரம் நீளும் பகல்போல் இருக்கும். துறவி சன்னலை எட்டி எட்டிப் பார்ப்பான். இங்கே சகோதரருக்குள் அன்பே இல்லை, வேறு இடம் போனால் நன்றாயிருக்கும் என்று நினைப்பான். 1,600 வருடம் கழித்து, சன்னலுக்குப் பதில் கைபேசி. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவிலேயே வேறு சபையின் நேரலையைத் தேடுகிறோம்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கேள்வி கேட்டால் சாபம் வரும் என்று பயமுறுத்துகிற இடம், யாரோடு பேசலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று போதகரே தீர்மானிக்கிற இடம், இதெல்லாம் தேக்கம் அல்ல, கட்டு. அங்கிருந்து வெளியேறுவதைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவது, என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லா வறட்சிக்கும் அடியில் மறைவான பாவம் தோண்டிப் பார்ப்பதும் தவறு. பாவம் இருக்கலாம், அறிக்கை செய்ய வேண்டியதை அறிக்கை செய்யுங்கள். ஆனால் எலியா தீர்க்கதரிசி சாவைக் கேட்டு, சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது தூதன் அவனைக் குறுக்குவிசாரணை செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவனை இரண்டாம் தரமும் எழுப்பினான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று. தூக்கமில்லாமல் வாரக்கணக்காக ஓடுகிறவருக்கு முதலில் தேவை தூக்கம். எதிலும் பிடிப்பில்லாமல், சாவைப் பற்றிய எண்ணமே சுற்றிச் சுற்றி வந்தால், ஜெபத்தோடு மருத்துவரையும் உடனே பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

விடுதலை கிடைத்ததாக உணர்ந்த பிறகும் சறுக்க இடமுண்டு. "நான் இப்போது கிருபையில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவர்போல் நடப்பது. கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்தை அடிக்கோடிட்டவர்கள் பலர் 13-ஆம் வசனத்துக்கு வருவதற்குள் பேனாவை மூடிவிடுகிறார்கள். அங்கே அந்தச் சுயாதீனத்தை, அதாவது விடுதலையை, "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்று பவுல் செலவழிக்கச் சொல்கிறார்.

கடைசியாக, இதையெல்லாம் தனியாகவே சரிசெய்யப் பார்ப்பது. நான் அதிகமாகச் செய்த தவறு இதுதான். ஜெபக்குழுவில் முறை வரும்போது, "எல்லாம் கிருபைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பேன். ஒரு வருடத்துக்கும் மேல் அப்படி. கடைசியில் ஒரு நாள், கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது, பக்கத்தில் நின்ற மூத்த சகோதரரிடம், "அண்ணே, எனக்கு ஜெபிக்கவே வரல" என்றேன். பிரசங்கம் பண்ணப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அடுக்கிய நாற்காலிகளில் இரண்டை மறுபடி இறக்கிப் போட்டார். "எத்தனை நாளா தம்பி?" என்று கேட்டார்.